கேள்வி – பதில்: எந்தக் கட்டடம் நிற்கும்?

கேள்வி: 2001 குஜராத் பூகம்பத்தில் அகமதாபாத்தில் சில அடுக்குமாடிகள் மட்டும் தரைமட்டமாயின, பக்கத்திலேயே இருந்தவை தப்பின என்கிறார்கள். எல்லாமே கான்கிரீட்தானே, ஏன் இந்த வித்தியாசம்? (வாசகர், தாம்பரம்)

பதில்: அந்தப் பூகம்பத்தின் மையம் கட்ச் பகுதியில், அகமதாபாத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரம் வருவதற்குள் படபடவென்ற சின்ன அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும், மெதுவான நீண்ட ஆட்டம்தான் வந்து சேரும், அதை சபர்மதியின் ஆழமான வண்டல் மண் இன்னும் பெரிதாக்கியது. ஊஞ்சலை அது போகும் திசையிலேயே தள்ளுகிற மாதிரி, அந்த ஆட்டம் பல மாடிக் கட்டடங்களின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போனது. தாழ்வான வீடுகள் பெரும்பாலும் பிழைத்தது அதனால்தான்.

சரி, ஒரே தெருவில் ஒரே உயரத்தில் இருந்த இரண்டில் ஒன்று மட்டும் ஏன் விழுந்தது? தரைத்தளத்தைப் பாருங்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை கீழே கார் நிறுத்த இடம் விட்டு, வெறும் தூண்களின் மேல் நின்றவை. மேல் மாடிகளில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருப்பதால் அவை இறுகி ஒரே பெட்டியாக நகரும், கீழே சுவரே இல்லை, அதனால் கட்டடத்தின் மொத்த அசைவும் அந்தச் சில தூண்களின் தலையிலும் காலிலும் வந்து விழும். அவை உடைந்தால் மேலே எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் பயனில்லை, மொத்தமும் அப்படியே கீழே உட்கார்ந்துவிடும்.

தூண் உடைவதும் உடையாததும் அதைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியில் இருக்கிறது. செங்குத்துக் கம்பிகள் எத்தனை தடிமன் என்று எல்லோரும் கேட்கிறோம், ரிங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு இதில் உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடக்கி விட்டால், குலுக்கலில் வெளிப்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அது வாயைத் திறந்துவிடும், உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கிக் கொட்டும், செங்குத்துக் கம்பி வளைந்துவிடும். 135 டிகிரியில் தூணின் உள்பக்கம் போகும்படி மடக்கினால் திறக்காது. தூணின் இரு முனைகளிலும் ரிங்குகள் நெருக்கமாக, 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி போகாமல் இருக்க வேண்டும். இதெல்லாம் 1993-லேயே இந்தியத் தர விதியாக வந்துவிட்டது. 2001-ல் இடிபாடுகளைப் பார்த்த பொறியாளர்கள் கண்டது 90 டிகிரி முனைகளையும் தள்ளித் தள்ளிக் கட்டிய ரிங்குகளையும்தான். அதிகச் செலவு பிடிக்கிற வேலைகூட இல்லை இது.

கேள்வி: அப்படியானால் மண் வீடுதான் பாதுகாப்பா? (வாசகி, கரூர்)

பதில்: எந்த மண் வீடு என்பதைப் பொறுத்தது. அதே பூகம்பத்தில் கட்ச் கிராமங்களின் 'பூங்கா' (bhunga) என்ற வட்ட வடிவ மண் வீடுகள் பல நன்றாகத் தாங்கின. வட்டச் சுவரில் தனியாகப் பிரிந்து விழ மூலை இல்லை, மேலே கூம்பு வடிவில் லேசான புல் கூரை. ஆனால் 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் வந்த பூகம்பத்தில் நடந்தது நேர்மாறு. மண் சாந்து வைத்து அடுக்கிய தடித்த கல் சுவர்கள், அதன்மேல் கனமான மண் கூரை. 6.2 அளவுதான், குஜராத்தைவிட எவ்வளவோ சிறியது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் போய்விட்டார்கள். கூரை எவ்வளவு கனமோ, குலுங்கும்போது சுவர் மேல் வரும் விசையும் அவ்வளவு அதிகம். கல் வீடு கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், சுவரின் முழுத் தடிமனுக்கும் குறுக்கே போகும் நீளக் கற்களை இடையிடையே வைத்து, கதவு, ஜன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் நான்கு சுவரையும் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை ஓட்டினால் நிறைய உயிர் பிழைக்கும்.

கேள்வி: சென்னையில் கீழே பார்க்கிங் உள்ள ஃபிளாட் வாங்கப் போகிறோம். வாங்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: பார்க்கிங் இருப்பதாலேயே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2002-ல் தர விதிகளைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் பூகம்ப மண்டலத்திலிருந்து ஆபத்து சற்றே கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள், சுவரில்லாத தரைத்தளத்தின் தூண்களையும் பீம்களையும் கணக்கில் வருவதைப் போல 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும் அல்லது கீழே கான்கிரீட் சுவர்கள் தர வேண்டும் என்றும் அப்போதைய விதியில் சொன்னார்கள். எனவே கட்டுநரிடம் தூண், பீம், கம்பி விவரம் உள்ள ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தைக் கேளுங்கள், தர மறுத்தால் அந்த ஃபிளாட்டை விட்டுவிடுங்கள். தந்தால், கட்டுநருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் கொடுத்து, தரைத்தளத் தூண்களை மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள். மேல் மாடித் தூண் ஏதாவது கீழே தரைவரை இறங்காமல் பீமின் மேலேயே நிற்கிறதா என்பதையும் கேளுங்கள், அகமதாபாத்தில் அதுவும் பல இடங்களில் காலை வாரியது. கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தால், கான்கிரீட் போடுவதற்கு முன் ஒருநாள் நேரில் போய் ரிங் முனைகளைப் பாருங்கள், போட்ட பிறகு கண்ணால் பார்க்க வழியில்லை.