மழைக்குப் பின் சுடுமண் சிலையில் சில்லு தெறித்தால்

பெயின்ட் அடித்தால் சில்லு தெறிப்பது நிற்குமா என்று கேட்கிறீர்கள். நிற்காது. தெறிப்பு உள்ளிருந்து வருகிறது. நத்தையைக் குனிந்து பார்க்கும் சிறுமியின் சிலையில், மழை பெய்தபின் கன்னத்திலும் முழங்காலிலும் காசு அளவுக்குச் சில்லு போகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் களிமண்ணோடு வந்த சுண்ணாம்புக்கல் துணுக்குகள்தான் காரணம். சூளைச் சூடு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அவை சுட்ட சுண்ணாம்பாகிவிடுகின்றன. பிறகு ஈரம் பட்டு நீறும்போது பருத்து, மேலே இருக்கும் மண்ணைத் தள்ளிவிடுகின்றன.

சோதித்துப் பாருங்கள்:

1. பள்ளத்தின் அடியில் டார்ச் அடியுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சுண்ணாம்புதான்.
2. புள்ளி இல்லாமல் வெள்ளைத் தூள் பரவலாகப் படிந்து, ஈரத்துணியில் துடைத்தால் போகிறதா? அது உப்பு. அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. சிலையை ஒரு கல் மேடைமேல் தூக்கி வையுங்கள்.

சுண்ணாம்பு என்றால், புள்ளியை ஊசியால் மிச்சமில்லாமல் சுரண்டுங்கள். நன்றாகக் காய்ந்தபின் செங்கல் பொடி கலந்த எபாக்சிப் பசையால் பள்ளத்தை நிரப்பலாம். நிறம் அப்படியே பொருந்தாது. பாசி படர்ந்தால் ஒட்டுத் தெரியாது. தோட்டத்துச் சிலைக்குப் பாசி அழகு என்பது என் கட்சி.

ஆனால் உள்ளே இன்னும் துணுக்குகள் இருக்கலாம். அடுத்த மழையிலும் சில தெறிக்கும். குழந்தைகள் தொட்டு விளையாடும் இடமென்றால், கூரான விளிம்புகளை உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். அடுத்த சிலைக்குக் களிமண்ணைக் கரைத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டியே பிசையுங்கள்.