பேய் பிடித்த ஊர் என்கிறார்கள். அங்கே காணாமல் போன பெண்களைப் பற்றி நானே போய் விசாரிக்கலாமா?

தாராளமாகப் போங்கள். ஆனால் புளியமரத்தடியில் தொடங்காதீர்கள், பள்ளிக்கூடத்தில் தொடங்குங்கள்.

எனக்கு ஊர் குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில். ஏரிக்கரைப் புளியமரத்தில் மோகினி இருக்கிறாள், வயதுக்கு வந்த பெண்களை அழைத்துக்கொண்டு போய்விடுவாள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். என்னோடு எட்டாம் வகுப்பு படித்தவள் ஒருத்தி அப்படித்தான் 'போனாள்'. பின்னாலேயே இன்னும் சிலர். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மாவின் காரியத்துக்குப் போனபோது, கேட்டே விடுவது என்று தங்கிவிட்டேன்.

பேயை நம்புகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை இன்றும் விடாதவள் நான். சாமி வேறு, ஊரார் கட்டும் கதை வேறு.

பழைய மாணவி என்பதால் தலைமையாசிரியை பதிவேட்டைக் காட்டினார். பூச்சி அரித்த நீள நோட்டு. மோகினி கொண்டுபோனதாகச் சொன்ன பெயர்கள் எல்லாம் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. எல்லாமே கோடை விடுமுறை முடிந்த கையோடு. பேய்க்கு முழுப்பரீட்சை முடிவது எப்படித் தெரியும்? தரகருக்குத் தெரியும். கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஆள் பிடிக்க அவர் வருவது அப்போதுதான். சுமங்கலித் திட்டம் என்பார்கள். மூன்று வருடம் விடுதியில் அடைந்து கிடந்து உழைத்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் கிளம்பினால் அதுவும் கிடையாது.

கதையைக் கட்டியவர் தரகர் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். காணாமல் போன அந்தத் தோழியின் அம்மாவிடம் போனேன், அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மடியில் முறம், பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "முன்பணம் வாங்கினோம் பாப்பா. முதல் தீபாவளிக்கே அவள் வரவில்லை. கேட்டால், எவனோடோ ஓடிவிட்டாள் என்றார்கள். அதை வெளியில் சொன்னால் சின்னவளை யார் கட்டுவார்கள்? மோகினி அடித்தது என்று நான்தான் சொன்னேன்." அடுத்தடுத்த வீடுகளுக்கும் அதே மோகினி வசதியாகப் போய்விட்டாள். அத்தையைக் குறை சொல்லக் கிளம்பாதீர்கள். அந்தத் தெருவில் வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லட்டும்.

இதற்குள் என் தம்பிக்கு வேறு சந்தேகம். அக்கா நோட்டும் பேனாவுமாக அலைகிறாள் என்றால் சொத்தில் பங்கு கேட்கத்தான் என்று முடிவு செய்து, மாடியறைப் பூட்டையே மாற்றிவிட்டான். தமிழ்நாட்டில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-இலேயே சட்டம் வந்தாயிற்று, என் கல்யாணம் அதற்கு வெகு காலம் பிறகு. கேட்டால்தான் என்ன? நான் வாயே திறக்கவில்லை. பிறந்த வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமில்லாமல் சித்தி வீட்டில் போய்ப் படுத்தேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காணாமல் போனபோது பதினெட்டு வயது நிரம்பாதவள் என்றால், காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தரும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள். காணாமல் போன குழந்தை பற்றிய புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். தனியாகப் போகாமல் தாயையோ தகப்பனையோ அழைத்துப் போங்கள். "நீ யார் கேட்பதற்கு?" என்றுதான் என்னிடமும் ஆரம்பித்தார்கள். அத்தை முன்னால் வந்து கையெழுத்துப் போட்டதும் நாற்காலி காட்டினார்கள். விசாரணை நடக்கிறது, அதனால் இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.