மேசைமேல் வைத்த ஸ்பீக்கர் அதிர்ந்தால் என்ன செய்யலாம்?

உவர்மலையில் வாடகை அறை, மெல்லிய பலகை மேசை, தாழ்ந்த சுரம் வந்தாலே லாச்சி கடகடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதிரை மேசையே அதிர்ந்தது. அமுக்கிய மரத்தூள் பலகை எம்மாத்திரம்!

முதலில் குற்றவாளியைப் பிடியுங்கள். சுரம் எழுப்பும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை ஸ்பீக்கர் வழியே ஒலிக்கவிட்டு, 40 முதல் 300 ஹேர்ட்ஸ் வரை சுரத்தை மெல்ல ஏற்றுங்கள். உறுமல் எழும் இடத்தில் நிறுத்தி, உள்ளங்கையால் மேசையை அங்கங்கே அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ, அதுதான் இடம். என் வீட்டில் அது மேசையே அல்ல, லாச்சிக்குள் கிடந்த சாவிக்கொத்து.

ஸ்பீக்கரின் அடியில் மென்மையான தாங்கி வையுங்கள். பழைய இறப்பர் செருப்பை நறுக்கி நான்கு மூலைக்கும் வைத்தாலே ஓரளவு வித்தியாசம் தெரியும். ஆனால் ஸ்பீக்கரைச் சுமந்த தாங்கிக்கும் ஓர் இயல்பதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம், உண்டு; அதைப் போல் 1.4 மடங்கைத் தாண்டிய அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே கூட்டிவிடவும் செய்யும். ஆகவே அந்த எண் தாழ்ந்திருக்க வேண்டும்; கல்லாக இறுகிய இறப்பர் உதவாது. பாரத்தில் முற்றாக நசுங்கும் பஞ்சும் உதவாது. கூரான உலோகக் கால்கள் வேண்டவே வேண்டாம், அவை அதிர்வைப் பலகைக்குள் இறக்கும்.

சுவரை ஒட்டி வைத்திருந்தால் முன்னே இழுங்கள், தாழ்ந்த சுரத்தின் வீக்கம் குறையும். இத்தனைக்குப் பிறகும் உறுமினால், உறுமல் எழுந்த அந்த அதிர்வெண்ணை மட்டும் ஈக்குவலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண்ணின் ஒலியளவையும் தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) 3 அல்லது 4 டெசிபெல் குறைத்துவிடுங்கள்.