சாயம் குடிக்கும் துணி

அன்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர் துணியில் வண்ணத்தை ஊற்றி வரைந்த ‘மலைகளும் கடலும்’ ஓவியம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் முயன்றேன். கடை கான்வாஸில் அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து ஊற்றினேன். குட்டையாகத் தேங்கியது, காய்ந்தபின் தொட்டால் மாவாக ஒட்டியது. காடா துணியில் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டது. தேய்த்துப் பரப்பினேன், நீலமும் ஆரஞ்சும் கலந்து சேறாகிவிட்டது. எல்லாம் தற்செயல்தான் என்றால் இதில் ஓவியருக்கு என்ன வேலை? பாழான அந்தத் துணியை என்ன செய்வது?

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

இரண்டு முறையும் துணிதான் குடிக்க மறுத்திருக்கிறது.

கடை கான்வாஸ் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசி வருவது. சாயம் உள்ளே இறங்கக் கூடாது என்பதற்காகவே அந்தப் பூச்சு. அதன்மேல் நீர்த்த அக்ரிலிக் நின்றால், நிறத்தூளைப் பிடித்துக்கொள்ளும் பசை போதாமல் மாவாகிறது. ஃபிராங்கன்தாலர் 1952 அக்டோபர் 26 அன்று, 23 வயதில், நியூயார்க்கில் தரையில் விரித்தது எந்தப் பூச்சும் இல்லாத பருத்தி கான்வாஸ். ஏறத்தாழ 7 அடிக்கு 10 அடி. கரித்துண்டால் சில கோடுகளை இழுத்துவிட்டு, டர்பன்டைனில் நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். நிறம் துணியின் மேல் உட்காரவில்லை, இழைக்குள் போய்விட்டது.

காடா துணியை எடுத்தது நல்ல யோசனை. ஆனால் பாவுக்குப் போட்ட கஞ்சியும் பஞ்சின் இயல்பான மெழுகும் அதில் அப்படியே இருக்கும். ஓர் இரவு ஊறவைத்து, சலவை சோடா போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே போனால் துணி தயார். உருண்டு நின்றால் மறுபடி கொதிக்கவிடுங்கள். துணி சுருங்கும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வெட்டுங்கள். இஸ்திரி போட மறக்க வேண்டாம், மடிப்பில் சாயம் தேங்கிக் கருங்கோடாகும். தரையில் வெறும் பிளாஸ்டிக் விரித்தால் சாயம் துணிக்கு அடியில் ஓடித் திட்டுத்திட்டாக மேலே வரும். நடுவில் பழைய போர்வை ஒன்றைப் போடுங்கள்.

கலவைக்கு அக்ரிலிக் ஒரு பங்கு, மேட் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) ஒரு பங்கு, தண்ணீர் மூன்று நான்கு பங்கு. ஈரத்தில் தெரியும் அடர்த்தியை நம்பாதீர்கள். துவைத்த சேலை கொடியில் காய்வதுபோல வெளுத்துவிடும். ஓரத்தில் ஒரு துண்டில் சோதித்து, முழுக்கக் காயவிட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

இனி தற்செயல் பற்றி. நிறம் எங்கே ஓடும் என்பதை அதை ஊற்றுவதற்கு முன்பே பாதி முடிவு செய்துவிடலாம். தண்ணீர் தெளித்த இடம் வாய்க்கால், காய்ந்த இடம் வரப்பு. ஈரத்தில் சாயம் விரிந்து ஓரம் கரையும். காய்ந்த இடத்தில் சட்டென்று நிற்கும். துணியின் ஒரு முனையைத் தூக்கினால் ஓட்டம் திரும்பும், ஸ்பாஞ்சால் ஒற்றினால் நிற்கும். நீலமும் ஆரஞ்சும் வண்ணச் சக்கரத்தில் எதிரெதிர் நிறங்கள், ஈரத்தில் சேர்ந்தால் சேறுதான். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குக் காய்ந்த துணியை விடுங்கள். இல்லையேல் ஒன்று காய்ந்தபின் அடுத்தது. ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தில் ஊற்றிய இடங்களைப் போலவே ஊற்றாமல் விட்ட இடங்களையும் பாருங்கள். வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது. எதை விடுவது, எப்போது நிறுத்துவது என்பதுதான் அவருடைய வேலை. (விடுவது ஊற்றுவதைவிடக் கஷ்டம்.)

இயற்கை அவரிடம் வந்த விதமும் இப்படித்தான். அந்தக் கோடையில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மலையையும் கடலையும் பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்திருந்தார். நியூயார்க்கில் பெரிய துணி முன் நின்றபோது அவற்றைப் பார்த்து நகலெடுக்கவில்லை. தலைப்பு இல்லாவிட்டால் எது மலை, எது கடல் என்று அடித்துச் சொல்ல முடியாது. 1953இல் அமெரிக்க ஓவியர்களான மாரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் அவருடைய ஓவியக்கூடத்துக்கு வந்து பார்த்துவிட்டுத் தங்கள் வழியையே மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் அவருடைய எண்ணெய் வழியைப் பின்பற்றாதீர்கள். பூச்சில்லாத பருத்தியில் அந்த வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் நேராக இறங்கினால் ஆண்டுகள் போகப்போக இழை நொறுங்கும். கறையைச் சுற்றி எண்ணெய் வளையமும் படரும். 1960களின் தொடக்கத்தில் அவரே அக்ரிலிக்குக்கு மாறினார்.

காய்ந்த அக்ரிலிக் அலசினால் போகாது, ஆனாலும் பாழான துணியை எறிய வேண்டாம். அட்டையில் ‘ட’ வடிவில் இரண்டு துண்டு வெட்டி, எதிரெதிராக வைத்துச் சட்டமாக்கி, சிறிதும் பெரிதுமாக நகர்த்திப் பாருங்கள். துணியைத் திருப்பி, தலைகீழாகவும் பாருங்கள். சேற்றுக்கு வெளியே, நீலம் தானாக ஓடி நின்ற ஒரு சாண் இடமாவது இருக்கும். அதை மட்டும் வெட்டிச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள்.