‘கிழக்கு’ எழுத்து: மரத்தினூடே சூரியனா, கட்டிய மூட்டையா?

வணக்கம். கிழக்கைக் குறிக்கும் ‘துங்’ என்ற சீன எழுத்தை (மா சே துங் பெயரின் கடைசி எழுத்தும் இதுவே) உங்கள் பாடநூல் மரத்தினூடே எழும் சூரியன் என்றும், அகராதி இருமுனையும் கட்டிய மூட்டை என்றும் விளக்குவதாக எழுதியிருந்தீர்கள். அகராதியையே ஏற்கலாம் என்பது என் கருத்து.

சூரிய விளக்கம், சூ ஷென் என்ற அறிஞர் கி.பி. 100-இல் எழுதி முடித்த ‘ஷுவோவென் ஜியெஸி’ என்ற பண்டைய சீன அகராதியில் காணப்படுவது. அவர் அறிந்திருந்தவை மரமும் சூரியனும் தெளிவாகத் தெரியும் பிற்கால வடிவங்களே. மூவாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஷாங் அரசமரபுக் காலத்தில் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் பொறித்த எழுத்துகள் 1899-இல்தான் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தன என்பதால், அவரைக் குறைசொல்வதற்கில்லை. அவ்வெலும்புகளில் இவ்வெழுத்து கயிற்றால் கட்டிய பையாகவே காணப்படுகிறது என்று இன்று ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர்.

பைக்கும் கிழக்குக்கும் பொருளால் எவ்வுறவும் இல்லை. திசையைப் படமாக வரைவது கடினம் என்பதால், ஒலி ஒத்த வேறொரு சொல்லின் படத்தைக் கடன் வாங்கினார்கள். ‘ஆறு’ என்ற எண்ணை எழுதுவதற்கு நதியை வரைவதைப் போன்ற உத்தி அது.

நீங்கள் கற்பது சீன அரசு 1950-களில் எளிமையாக்கிய வடிவம் என்றால், வேகமாகத் தொடர்ச்சியாக எழுதும் கையெழுத்து வடிவத்திலிருந்து பிறந்த அதில் சூரியனையும் காண முடியாது, மூட்டையையும் காண முடியாது.