மழையில் ஏற்றிய பாக்சைட்

உங்க தம்பி கேடட்டா (பயிற்சி அதிகாரியா) இருக்கிற கப்பல்ல மழையில பாக்சைட் (அலுமினியத் தாது) ஏத்தினதைச் சொல்லி, "கல்லுதானே, நனைஞ்சா என்ன"ன்னு கேட்டிருக்கீங்க. நனைஞ்சா ஆபத்துதான். மழையில ஏத்தினதை உங்க தம்பி இன்னிக்கே சரக்கைக் கவனிக்கிற சீஃப் ஆபீசர்கிட்ட சொல்லட்டும். கேடட் வாயைத் திறக்கலாமான்னு தயங்குவான், திறக்கட்டும்.

நம்ம ஏற்காட்டுல வெட்டின கட்டிக் கல்லை மனசுல வெச்சுக்காதீங்க. பொடி அதிகமா இருந்து ஈரமும் சேர்ந்தா, கப்பல் ஆட ஆட தண்ணி பிரிஞ்சு மேல சேறாத் திரளும். அது ஒரு பக்கமா ஓடினா கப்பல் சாய்ஞ்சிடும். 2015 ஜனவரியில மலேசியாவுல குவாந்தான்ல பாக்சைட் ஏத்திட்டுப் போன பல்க் ஜூபிட்டர்ங்கிற கப்பல் வியட்நாம் பக்கம் மூழ்கிச்சு. 19 பேர்ல ஒருத்தர்தான் பிழைச்சார்.

சோதிக்க: ஒரு லிட்டர் டப்பாவுல பாதி சரக்கு போட்டு, 20 செ.மீ. உயரத்துலேர்ந்து கெட்டித் தரையில 25 தடவை, ஒண்ணு ரெண்டு நொடி விட்டு விட்டுத் தட்டணும். மேல தண்ணி கசிஞ்சா ஏத்துறதை நிறுத்திட்டு ஆய்வகச் சோதனை கேக்கணும்.

கசியலைன்னா நிம்மதி ஆயிடாதீங்க. டப்பா சோதனையில சரக்கு தோத்தா அந்த முடிவை நம்பலாம், ஜெயிச்சா நம்பக்கூடாது. மழைக்கு முன்னாடி எடுத்த ஈரப்பதச் சான்றிதழைக் காட்டினாலும் அதே கதைதான், புதுசா எடுக்கச் சொல்லணும்.