நஷ்டத்தில் ஓடும் பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

டிக்கெட் காசில் ஓட முடியாத சேவையை வரிப்பணத்தில் ஏன் தாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிற எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கொடுத்தே ஆக வேண்டும். புதுப் பாதை போட மட்டுமல்ல, அன்றாடம் ஓட்டுவதற்கும்.

கட்டுமானத்துக்கு எப்படியாவது பணம் புரட்டிவிடுகிறார்கள். டீசல், டயர், டிரைவர் சம்பளம் என்று வரும்போதுதான் கையைப் பிசைகிறார்கள். யானை வாங்கக் காசு இருக்கும், அங்குசம் வாங்க இருக்காது.

ஓட்டும் செலவுக்குப் பணம் குறைந்தால் முதலில் விழுவது டிரிப் கட். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்த வண்டி இருபது நிமிடத்துக்கு ஒன்றாகும். அப்படி வருவதும் படிக்கட்டு வரை நிரம்பி, ஸ்டாப்பில் நிற்காமலே போய்விடும். வேலைக்கு லேட்டாகி லேட்டாகித் திட்டு வாங்குகிறவர், கடன்பட்டாவது ஒரு டூவீலர் வாங்கிவிடுவார். அவர் போனதும் வசூல் குறையும். வசூல் குறைந்துவிட்டது என்று சொல்லி அடுத்த டிரிப்பை வெட்டுவார்கள்.

இதே சக்கரத்தை எதிர்த்திசையிலும் சுற்ற வைக்கலாம். பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-ல் அதைக் கணக்குப் போட்டே காட்டினார். பயணிகள் கூடினால் வண்டிகளைக் கூட்டலாம். வண்டிகள் கூடினால் எல்லோரும் காத்திருக்கும் நேரமும் குறையும். புதிதாக ஏறுகிற ஒருவரால் ஏற்கெனவே வருகிறவர்களுக்கும் நன்மை. அந்த நன்மை டிக்கெட் வசூலில் தெரியாது. மானியம் கொடுக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

லண்டனில் அன்றாடச் செலவுக்கான மத்திய அரசு மானியத்தை 2018-க்குள் நிறுத்திவிட்டார்கள். போக்குவரத்து நிறுவனம் பெரும்பாலும் கட்டண வருமானத்தை நம்பியே நின்றது. 2020-ல் கொரோனா வந்து ரயில்கள் காலியாக ஓடியபோது, மே மாதமே மானியமும் கடனுமாக 160 கோடி பவுண்டு கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. அதன் பிறகும் 2022 வரை குறுகிய கால ஒப்பந்தங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பேச்சுவார்த்தை. அடுத்த வருடம் கையில் எவ்வளவு இருக்கும் என்று தெரியாத நிர்வாகம் எந்தத் தைரியத்தில் புது டிரைவர்களை வேலைக்கு எடுக்கும்?

எனக்குப் பிடித்தது பாரிஸ் வழி. அங்கே 1971-லிருந்தே இதற்கென்று தனி வரி இருக்கிறது. இன்றைய விதிப்படி, 11 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் தாங்கள் கொடுக்கும் சம்பளத் தொகையில் குறிப்பிட்ட சதவீதத்தைப் போக்குவரத்துக்குக் கட்டுகின்றன. ஊழியர்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் முதலாளிக்குத்தானே லாபம்? அந்தப் பணம் ஓட்டும் செலவுக்கும் போகிறது. வேலைவாய்ப்பு சுருங்கினால் இந்த வரியும் சுருங்கும் என்பது உண்மைதான். அந்த மாதிரிக் காலத்துக்குப் பட்ஜெட்டிலிருந்து எவ்வளவு தருவது என்பதை முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைத்துவிடலாம்.